பயம் வந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

ரீச்சர்_கொக்குவில் · வெள்ளி, இரவு 11.48

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இன்றைக்கு நித்திரை வரவில்லை, வீட்டில் யாரோடும் கதைக்கவும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மார்பில் ஒரு கட்டி. போன கிழமை பயொப்சி எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை தெல்லிப்பழைக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு, வரச் சொல்லியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், "தெல்லிப்பழைக்கு வரச் சொல்லினம்" என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர்களின் முகம் எப்படி மாறும் என்று. ரிப்போட் வருவதற்கு முதலே அந்த ஊர்ப் பெயர் பாதி உயிரை எடுத்துவிடுகிறது.

ஆனால் நான் கேட்க வந்தது நோயைப் பற்றி இல்லை. 18 வருஷமாக சபையின் ஓய்வுநாள் பாடசாலையில், பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பில், படிப்பிக்கிறேன். புயலை அதட்டிய கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், படம் கீறி, கையால் அலை காட்டி, "இயேசு படகில் இருக்கும்போது ஏன் பயம்?" என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்களும் "பயமில்லை" என்று கத்துவார்கள். இப்போது எனக்கு இரவு 2 மணிக்கு முழிப்பு வருகிறது, நெஞ்சு அடிக்கிறது, கை குளிர்ந்துபோகிறது, ஜெபிக்க வாய் திறந்தால் "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை இல்லை.

ஒரு ஜெபக்கூட்டத்தில் துணிந்து சொன்னேன், பயமாக இருக்கிறது என்று. அங்கே ஒருவர் யோபு 3:25ஐ எடுத்து வாசித்தார்: "நான் பயந்த காரியம் எனக்கு நேரிட்டது." பயத்தை வாயால் சொன்னால் அது வந்துவிடும், விசுவாசம் இருந்தால் பயம் இருக்காது, இனிமேல் அப்படிக் கதைக்க வேண்டாம் என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இரண்டு பயம். ஒன்று கட்டியைப் பற்றி. மற்றது, பயப்பட்டதால் ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிடுவாரோ என்று.

உண்மையைச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் நான் வைத்திருந்தது விசுவாசம்தானா?

---

ஜீவநீர் · சனி, காலை 5.30

அக்கா, உங்களுக்காக இப்போதுதான் ஜெபித்துவிட்டு எழுதுகிறேன். ஆனால் வேதம் சொல்வதைச் சொல்லாமல் விட முடியாது. 2 தீமோத்தேயு 1:7, "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." அப்படியென்றால் பயம் தேவனிடமிருந்து வந்ததில்லை, அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. "பயப்படாதே" என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறது, வருஷத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. கண்ணாடிக்கு முன் நின்று சுகமானேன் என்று அறிக்கையிடுங்கள் அக்கா. சத்துரு பொய்யன்.

---

கரையோரம் · சனி, காலை 9.12

நான் குருநகர். கத்தோலிக்கன், கடல்தொழில், வேத வசனம் உங்களைப்போல் எண் சொல்லி எடுக்கத் தெரியாது. ஆனால் அந்தப் புயல் கதை எங்களுடைய கதை, அதனால் ஒன்று சொல்கிறேன்.

வள்ளத்தில் இருந்தவர்களில் சிலர் மீன்பிடிகாரர். அந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள். அவர்கள் பயந்தார்கள் என்றால் அது தெரியாத்தனத்தால் வந்த பயம் இல்லை, தெரிந்ததால் வந்த பயம். கடலுக்குப் பயப்படாத ஒருவனோடு நான் வள்ளத்தில் ஏறமாட்டேன், என் தகப்பனும் ஏறியிருக்கமாட்டார்.

அவர்கள் பயத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள் ரீச்சர். நித்திரையாயிருந்தவரைப் போய் எழுப்பினார்கள். மரியாதையாகக்கூட இல்லை, "நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா" என்று கோபமாகத்தான். அவர் ஏன் பயந்தீர்கள் என்று கேட்டார், உண்மைதான். ஆனால் கேட்டதற்கு முதல் எழும்பி காற்றை அடக்கினார். மாற்கு எழுதியதில் அந்த வரிசை அப்படித்தான் இருக்கிறது. விசுவாசம் காட்டினால்தான் காற்றை அடக்குவேன் என்று அவர் வள்ளத்தில் இருந்துகொண்டு பேரம் பேசவில்லை.

---

மாலைநேரம் · சனி, மாலை 4.40

நான் ஓய்வுபெற்ற சபைப் போதகர், சபையில் ஐயர் என்று கூப்பிடுவார்கள். தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன்.

முதலில் யோபு. அந்த வசனத்தை அப்படிப் பாவிப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. யோபு அதைச் சொல்வது பிள்ளைகளைப் புதைத்து, உடம்பெல்லாம் பருவோடு, சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது. அது ஒரு மனிதனின் ஓலம். ஓலத்தைப் பிடித்து ஒரு சட்டமாக்கலாமா? புத்தகத்தின் கடைசிக்குப் போனால் ஆண்டவர் யாரைக் கடிந்துகொள்கிறார்? புலம்பிய யோபுவையும் அவர் கேள்வி கேட்டார்தான், ஆனால் அவருடைய கோபம் விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார், 42:7.

ஜீவநீர் தம்பி, 365 என்ற கணக்கை நானும் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன், பிறகு எண்ணிப் பார்த்தேன், அவ்வளவு வராது. அது போகட்டும். "பயப்படாதே" என்ற சொல் வேதத்தில் யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். பயந்துகொண்டிருக்கிறவர்களுக்குத்தான். ஆகாருக்கு, கிதியோனுக்கு, மரியாளுக்கு, மேய்ப்பர்களுக்கு. அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு தாய் "அழாதே" என்பாள், அது குற்றச்சாட்டா? தீமோத்தேயுவில் இருக்கிற கிரேக்கச் சொல்லும் பொதுவாகப் பயத்துக்குப் பாவிக்கிற சொல் இல்லை. அங்கே இருப்பது "தெய்லியா", கோழைத்தனம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் பின்வாங்குவது. நெஞ்சு அடிப்பதைப் பற்றி பவுல் அங்கே கதைக்கவில்லை. அவரே கொரிந்தியருக்கு எழுதும்போது "பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" உங்களிடத்தில் இருந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார்.

சங்கீதம் 56ஐ இன்றிரவு வாசியுங்கள். தாவீது பெலிஸ்தர் கையில் அகப்பட்ட காலத்தது என்று தலைப்பில் இருக்கிறது. அந்த நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று 1 சாமுவேல் 21இல் இருக்கிறது: ராஜாவுக்குப் பயந்து பைத்தியக்காரன்போல் நடித்து, கதவைக் கீறி, வாய்நுரையைத் தாடியில் வடியவிட்டுக்கொண்டிருந்தார். கோலியாத்தை விழுத்தின அதே ஆள். அந்த நாளைப் பற்றித்தான் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார். அடுத்த வரியிலேயே "நான் பயப்படேன்" என்கிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள். சில வரி கழித்து "நான் பயப்படேன்" என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது அவருக்கு. முதல் தடவை சொன்னதில் பயம் போய்விட்டிருந்தால் ஏன் இரண்டாம் தடவை?

இனி என் கதை. இதை மேடையில் சொன்னதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்த இரவு. நான் அப்போது இளம் ஊழியன். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அசைய முடியாமல் நின்றது. என் பையில் வேதாகமமும் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும். சபையில் ஒரு கிழவி என் சேட்டைப் பிடித்து "ஐயர், ஒரு ஜெபம் பண்ணுங்கோ" என்றா. எனக்கு நாக்கு எழும்பவில்லை. பயத்தில் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை, சரி என்று கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினேன், பால்குடி காலத்திலிருந்து சொன்னது, அதிலேயே நடுவில் நின்றுவிட்டேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்பதற்குப் பிறகு என்ன என்று மறந்துபோனது. அந்தக் கிழவியும் சுற்றி நின்ற நாலைந்து பேரும் தொடர்ந்து சொல்லி முடித்தார்கள். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு விசுவாசம் என்னிடம் இருந்ததா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அந்தக் கூட்டத்துக்குள் இருந்தது. என்னையும் அது தூக்கிக்கொண்டு போனது.

---

நவாலியூர் · சனி, இரவு 9.05

ஐயர் எழுதியதை வாசித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். ஒரு கேள்வியை யாரும் கேட்காமல் விடுகிறீர்கள், நான் கேட்கிறேன்.

1995 ஜூலை 9. எனக்கு அப்போது 9 வயது. சனம் பயந்துதான் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்துக்குப் போனது. பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன் என்று சொல்லி அவருடைய வீட்டுக்கே போனவர்கள். விமானம் வந்து குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல். என் சின்னம்மாவும் அதில் ஒருவர். நாங்கள் வரப் பிந்தியதால் தப்பினோம்.

அதற்குப் பிறகு யாராவது "கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசையும். எங்களைக் காப்பாற்றினார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் சின்னம்மாவை என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். "பயப்படாதே, ஒன்றும் நடக்காது" என்பது எங்கள் ஊரில் பொய். நடந்தது.

அம்மா இரண்டு வருஷம் கோயிலுக்குள் போகவில்லை. வாசல்வரை வருவா, வெளியே வேம்புக்குக் கீழே நிற்பா, பூசை முடிய எங்களைக் கூட்டிக்கொண்டு போவா. ஆனால் இரவில் செபம் விடவில்லை. நான் ஒருமுறை கேட்டேன், கோபம் என்றால் பிறகு ஏன் செபம் என்று. "சண்டை பிடிக்கிறதுக்காவது அவர் வேணுமே" என்றா. எனக்குத் தெரிந்த விசுவாசம் அதுதான். ரீச்சர், உங்களுக்கு ஆறுதலாக எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும். ஆனால் பயந்தால் தண்டனை, பயப்படாவிட்டால் பாதுகாப்பு என்று கணக்குச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு ஜூலை 9இல் உடைந்துபோனது.

---

ஜீவநீர் · சனி, இரவு 10.20

நவாலியூர் அண்ணை, எனக்குப் பதில் இல்லை.

தானியேலில் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற அந்த மூன்று பேரும் ராஜாவுக்குச் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தேவன் விடுவிப்பார் என்றார்கள், உடனே அடுத்ததாக "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். அந்த ஒரு சொல்லை நான் எப்போதும் வேகமாக வாசித்துக்கொண்டு போயிருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

---

தாதி_வெள்ளை · ஞாயிறு, மதியம் 1.15

ஆராதனை முடித்து வந்து எழுதுகிறேன். நான் தெல்லிப்பழையில்தான் வேலை. எந்தப் பிரிவு என்று சொல்லமாட்டேன்.

அக்கா, முதலில் உடம்பைப் பற்றி. 2 மணிக்கு முழிப்பு, நெஞ்சடிப்பு, கைகால் குளிர்வது, வாய் காய்வது, இதெல்லாம் அதிரினலின் செய்யும் வேலை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியிலிருந்து வருகிறது. ஆபத்து என்று மூளை நினைத்தால் அது உங்களைக் கேட்காது, உங்கள் விசுவாசத்தையும் கேட்காது, இரத்தத்தைக் கைகளிலிருந்து எடுத்து பெரிய தசைகளுக்கு அனுப்பும், ஓடுவதற்கோ சண்டை பிடிப்பதற்கோ. படைத்தவர் வைத்த ஏற்பாடு. அதைப் பிசாசு என்று சொல்லி அந்த நேரம் உங்களோடு நீங்களே சண்டை பிடித்தால் நெஞ்சடிப்பு கூடத்தான் செய்யும். எழும்பி இருந்து மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். "ஆண்டவரே" என்ற ஒரு சொல் போதும், அந்த மூச்சிலேயே சொல்லலாம்.

இரண்டாவது, மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. உங்களுடையது எது என்று பயொப்சிதான் சொல்லும், நான் சொல்ல முடியாது, வாக்குறுதியும் தரமாட்டேன். புற்றுநோய் என்று வந்தாலும் முதலிலேயே பிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது. கிளினிக்குக்கு வருஷக்கணக்காக வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளையின் படத்தைக் கைபேசியில் காட்டிவிட்டுப் போவார்கள். அவர்களை ஊர் கதைக்காது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், கொஞ்சம் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்தை வாயால் சொல்லக் கூடாது என்று படிப்பித்தால் என்ன நடக்கிறது தெரியுமா? கட்டி இருப்பதையே சொல்லாமல் விடுகிறார்கள். சொன்னால் விசுவாசம் இல்லாதவள் என்பார்கள் என்று. சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்னபிறகு கிளினிக்குக்கு எப்படி வருவது என்று வெட்கப்பட்டு நிற்கிறார்கள். பிந்தி வருகிறார்கள். வரும்போது புண்ணாகியிருக்கும். அப்படி வந்தவர்களின் கையை நான் பிடித்திருக்கிறேன். இயேசுவைப் பிசாசு ஆலய உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் காட்டியபோது அவர் குதிக்கவில்லையே.

நான் பிறந்து வளர்ந்தது மானிப்பாய். அங்கே 19ஆம் நூற்றாண்டில் டொக்டர் கிறீன் என்ற அமெரிக்கர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், மருத்துவப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவரும் மிஷனரிதான், ஜெபித்துக்கொண்டுதான் கத்தி பிடித்தார். 1816இல் தெல்லிப்பழையில் மிஷன் தொடங்கிய டானியல் பூவர், 1855இல் அதே மானிப்பாயில் கொலராவில் இறந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்வீர்களா?

---

ரீச்சர்_கொக்குவில் · ஞாயிறு, இரவு 10.55

எல்லோருடையதையும் வாசித்தேன். சிலதை அழுதுகொண்டு. நவாலியூர் தம்பி, நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆறுதல் சொன்னவர்களை விட உங்கள் அம்மா வேம்புக்குக் கீழே நின்றதுதான் எனக்குப் பக்கத்தில் வந்தது.

இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று பிடிபட்டது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். எனக்குச் சாகப் பயம் குறைவு. மகளுக்கு அடுத்த வருஷம் ஏ லெவல், மகன் இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளை, பயமெல்லாம் அங்கேதான். அதற்கும் கீழே இன்னொன்று கிடந்தது. 18 வருஷம் அவருடைய பிள்ளைகளை நான் பார்த்தேன், அதனால் என் பிள்ளைகளை அவர் பார்ப்பார், எனக்கு இப்படி ஒன்று வராது என்று எனக்குள் ஒரு எழுதாத ஒப்பந்தம். நான் அதை விசுவாசம் என்று நினைத்திருந்தேன். இரவு 2 மணிக்கு எனக்கு வந்த நடுக்கத்தில் பாதி அந்த ஒப்பந்தம் கிழிகிற நடுக்கம். அவர் அதில் ஒருநாளும் கையெழுத்து வைக்கவில்லை, நான்தான் இரண்டு பேருக்குமாக வைத்திருக்கிறேன்.

அது போனபிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் பயமாக இருந்தது. நேற்றிரவும் 2 மணிக்கு எழும்பினேன். மூச்சை விட்டு "ஆண்டவரே" என்ற அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை, வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. ஆனால் யாரையோ பார்த்துத்தான் சொன்னேன். சுவரைப் பார்த்துச் சொன்னதுபோல் இருக்கவில்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் என்னிடம்.

இன்றைக்கு வகுப்பும் எடுத்தேன். ஒரு சின்னவன் "ரீச்சர் நீங்கள் பயப்படுவீங்களா" என்று கேட்டான், எதற்குக் கேட்டானோ தெரியாது. ஓம் என்றேன். அவன் ஒன்றும் பெரிதாக எடுக்கவில்லை, தனக்கும் நாய்க்குப் பயம் என்றான்.

---

கரையோரம் · திங்கள், காலை 6.02

கரைக்கு இப்போதுதான் வந்தோம். ரீச்சர் எழுதியதைக் கடலிலேயே வாசித்தேன். நேற்றிரவு வள்ளத்தில் இருந்த நாலு பேரும் உங்களுக்காக ஒரு அருள்நிறை மரியே சொன்னோம். உங்கள் சபை முறை வேறு என்று தெரியும். சொல்லிவிட்டோம்.

---

ஜீவநீர் · திங்கள், மதியம் 12.30

அக்கா, நான் முதலில் எழுதியதில் ஒரு பகுதிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். முழுவதுக்கும் இல்லை. பயத்தோடு குடியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நம்புகிறேன், அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்கக் கூடாது. ஆனால் நான் மறைத்த ஒன்று இருக்கிறது.

என் மகனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் 30 ஆயிரத்துக்குக் கீழே போனபோது, வார்ட்டில் எல்லோர் முன்னாலும் சத்தமாக அறிக்கையிட்டேன், சுகமானான் சுகமானான் என்று. பிறகு கழிவறைக்குப் போய் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், மனைவிக்குக் கேட்கக் கூடாது என்று. அவளும் அந்த நேரம் எங்கேயோ தனியாக அழுதிருக்கிறாள், இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் சொன்னாள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம். பிள்ளை சுகமாகிவிட்டான், நான் அதைச் சாட்சியாகப் பல இடத்தில் சொன்னேன், தண்ணீர்க் குழாயை மட்டும் சொல்லவில்லை.

---

மாலைநேரம் · திங்கள், மாலை 5.15

தம்பி, அந்தக் குழாயையும் சேர்த்துத்தான் சாட்சி. அடுத்த தடவை சொல்லுங்கள்.

கெத்செமனேயில் அவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதியிருக்கிறார். ஆண்டவரைப் பற்றித்தான். அந்த நேரம் அவர் தனியாகப் போகவில்லை, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார், "இங்கே தங்கி, விழித்திருங்கள்" என்று கேட்டார். பிதாவோடு அப்படி ஒட்டியிருந்தவருக்கே பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் நித்திரையாகிவிட்டார்கள் என்பதுதான் சபைக்கு வெட்கம்.

தங்கச்சி, நாளைக்கு உங்களோடு யார் வருகிறார்கள்?

---

ரீச்சர்_கொக்குவில் · திங்கள், மாலை 6.40

ஒருவரும் இல்லை ஐயர். அவர் வெளிநாட்டில். அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, கிளினிக் என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம். தனியாகப் போகலாம் என்றுதான் இருந்தேன், கே.கே.எஸ். வீதி பஸ்தானே, நேரே போய் இறங்கலாம்.

---

தாதி_வெள்ளை · திங்கள், மாலை 6.52

நாளைக்கு எனக்கு ஓய்வு நாள். 7 மணிக்கு வாசலில் நிற்பேன். எலியா சூரைச்செடிக்குக் கீழே சாகவேண்டும் என்று படுத்தபோது தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான், அதனால் இடியப்பமும் ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டு வருகிறேன். வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

---

நவாலியூர் · திங்கள், இரவு 7.30

நான் மருதனார்மடத்தில் ஏறுகிறேன் ரீச்சர். எந்த பஸ் என்று தனிமடலில் சொல்லுங்கள். கதைக்க வேண்டும் என்று இல்லை, பக்கத்து சீற்றில் சும்மா இருப்பேன்.

---

ரீச்சர்_கொக்குவில் · திங்கள், இரவு 8.10

6 மணிக்குப் பிறகு வருகிற முதல் பஸ். ஊதாச் சேலை, கையில் மஞ்சள் ஃபைல் இருக்கும். முன்பக்கம் இடதில் உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன். இப்போது போய் அம்மாவுக்குச் சொல்லப் போகிறேன்.